யாரும் வரக்கூடாத ஜன்னல்

போன வாரம் ஒரு பெண் போன் செய்தார். நான் வேலை பார்த்த திருவொற்றியூர் எண்ணெய்க் கிடங்கில் இப்போது அவர்தான் பாதுகாப்பு அதிகாரி. கேட்டில் கேமரா, ஸ்கேனர் எல்லாம் வந்துவிட்டதாம். உள்வேலியில் இருக்கும் பழைய ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கப் போகிறார்களாம்.

“அந்த ஜன்னல் எதுக்கு சார்? இங்க யாரைக் கேட்டாலும் தெரியலங்கறாங்க,” என்றார்.

தாயே, என் இளமை மொத்தமும் அந்த ஜன்னலுக்குள்தான் போச்சு என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவருக்கு மீட்டிங் வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன். அவர் படித்தால் சரி, படிக்காவிட்டால் அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவர் படிக்கட்டும்.

என் வேலை இதுதான்: யாரும் வரக்கூடாத ஜன்னலில், யாராவது வந்தால் என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது. யாரும் வராத நாள் நல்ல நாள். அன்றைக்கு நான் பிரமாதமாக வேலை செய்தேன் என்று அர்த்தம். இப்படி ஒரு உத்தியோகம் அறுபதுகளின் கடைசியில் வட சென்னையில் ஒரே ஒருவனுக்குத்தான் வாய்த்திருக்கும்.

நான் பி.ஏ. தத்துவம், சிறப்புப் பாடம் தர்க்கம். நேர்காணலில், “தர்க்கம்னா என்னப்பா?” என்று கேட்டார்கள். “ஒரு வாக்கியத்துலேர்ந்து இன்னொரு வாக்கியம் வருமா வராதான்னு பார்க்கறது சார்,” என்றேன். “பார்த்து?” என்றார்கள். “பார்த்துச் சொல்லிடறது சார்,” என்றேன். பார்ப்பது, சொல்வது இரண்டும் ஜன்னல் வேலைக்குப் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பெட்ரோல் தொட்டி எப்படி வெடிக்கும் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். வெடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று இன்னொருவர் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது ஆள் நாற்காலியைக் காட்டினார்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும், குழாய் வழியாக எண்ணெய் எங்கள் தொட்டிகளுக்கு வரும். அந்த வளாகத்துக்குள் ஒரு தீக்குச்சி உரசினால் போதும், திருவொற்றியூர் நெடுஞ்சாலை பஸ்ஸோடு மேலே போய்விடும். அதனால் வெளிக்கேட்டில் முனுசாமி என்ற காவல்காரர் எல்லார் சட்டைப் பையையும் தடவிப் பார்ப்பார். பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் அங்கேயே பொந்துப் பொந்தாக இருக்கும் மரப் பலகையில் வைத்துவிட்டு வர வேண்டும். ஆனால் அந்தக் காலத்து ஆம்பிளைக்குத் தீப்பெட்டி என்பது காது மாதிரி. தன்னிடம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. முனுசாமியும் தடவும்போது கதை பேசிக்கொண்டேதான் தடவுவார். அதனால்தான் ஆபீசுக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் இன்னொரு வேலி, அந்த வேலியில் ஒரு ஜன்னல், அந்த ஜன்னலில் நான்.

ஒருவன் தீப்பெட்டியோடு வந்தால் நான் அதைக் கையால் வாங்கக் கூடாது. ஈரக் கோணியை நீட்ட வேண்டும். அவன் அதில் வைப்பான். நான் அதை அப்படியே சுருட்டித் தண்ணீர் வாளிக்குள் முக்கி, மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். பிறகு எண் போட்ட பித்தளை வில்லை ஒன்றை அவனிடம் கொடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து போகும்போது வில்லையைக் கேட்டில் கொடுத்தால் அவனுடைய தீப்பெட்டியை அவனிடமே திருப்பித் தருவார்கள், சொட்டச் சொட்ட. கம்பெனி யாருடைய சொத்தையும் பறிக்காது என்பது கொள்கை. வெளிச்சுவர் மேல் எப்போதும் நாலைந்து தீப்பெட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் அதன் சொந்தக்காரன் காவல் நிற்பான்.

ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை. அதில் மூன்று விதிகள். ஒன்று, யாரும் தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது. இரண்டு, தீப்பெட்டி கொண்டுவராதவர் இந்த ஜன்னலுக்கு வரக் கூடாது. இது எனக்காகப் போட்டது. என்னிடம் அரட்டை அடிக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மூன்று, தீப்பெட்டி கொண்டுவந்தவர், தன்னிடம் அது இருப்பது தெரிந்த உடனே, இந்த ஜன்னலில் ஒப்படைக்க வேண்டும்.

முதல் இரண்டையும் எழுதியவர் எங்கள் மேனேஜர் தாமோதரன் சார். மூன்றாவது பம்பாய் தலைமை அலுவலகம் போட்டது. அந்த மூன்றாவது வரியைக் கடக்கும்போதெல்லாம் சார் முகம் திருப்பிக்கொண்டு போவார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குரல் உயர்த்தவே மாட்டார். வெள்ளைச் சட்டை, கசங்காத கால்சட்டை, நடந்தால் சத்தம் வராது. கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு கொள்கை: தப்பு நடந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைப்பதே தப்பு செய்ய அனுமதி கொடுப்பதுதான். ஆபீசுக்குப் புதுப் பென்சில் வந்தால் பின்னால் இருக்கும் ரப்பரை பிளேடால் அறுத்துவிட்டுத்தான் எங்களுக்குக் கொடுப்பார்.

“ரப்பர் இருந்தா தப்பா எழுதத் தோணும் தம்பி,” என்பார்.

தீ வாளிகளில் ‘தீப்பிடித்தால் மட்டும் பயன்படுத்தவும்’ என்று எழுதியிருந்தது. சிவப்புப் பெயின்ட் வாங்கி அதை அழித்துவிட்டு ‘மணல்’ என்று மட்டும் எழுதவைத்தார்.

“சார், எதுக்கு மணல்னு தெரியாம போயிடுமே,” என்றேன்.

“இங்க தீப்பிடிக்கக் கூடாது தம்பி. அதுதான் விதி. அப்புறம் என்ன ‘தீப்பிடித்தால்’?”

என் கல்லூரிப் பேராசிரியர் ஒருநாள் இதைத்தான் போர்டில் எழுதினார். ‘இதைச் செய்யாதே’ என்பது ஒரு கடமை. ‘செய்துவிட்டாயா, அப்படியானால் அடுத்து இதைச் செய்’ என்பது இன்னொரு வகைக் கடமை. முதலாவதை மீறிய பிறகுதான் இரண்டாவது கண் விழிக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கணக்குப் போட்டால் தர்க்கம் புத்தி பேதலித்துப் போகும் என்றார். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்களே இதில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்களாம். நாங்கள் அன்றைக்குப் பின்பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தோம். மண்டை உடைவது எப்படி இருக்கும் என்று எனக்கு ஆரோக்கியம் மூலமாகத்தான் தெரிந்தது.

ஆரோக்கியம் வால்வு திருப்புகிறவர். ராயபுரத்து ஆள். அப்பா, தாத்தா, மாமனார், மச்சான் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் அலையைப் பார்த்தாலே வாந்தி வரும். கரையில் நின்று வலையை உதறினாலே தலை சுற்றும். ராயபுரம் முழுக்க இவரைக் கேலி செய்துதான் கிடங்கு வேலைக்குத் துரத்தியது. மச்சான் புதிதாக மீன்பிடிப் படகு, அவர்கள் பாஷையில் போட்டு, ஒன்று வாங்கியிருந்தார். ஆள் போதவில்லை, நீ வா நீ வா என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் ஆரோக்கியம் கோயிலுக்குப் போய், மச்சான் போட்டுக்கு வேறு ஆள் கிடைக்க வேண்டும் என்று அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி ஏற்றிய தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக டூட்டிக்கு வந்துவிட்டார். முனுசாமி அவரைத் தடவும்போது தன் மாமியார் கதையில் முக்கியமான இடத்தில் இருந்திருக்கிறார். தொட்டி மேலே ஏறும் இரும்பு ஏணியில் பாதி ஏறியதும் பையில் கிலுகிலு என்று சத்தம்.

நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஏணி நடுவில் ஒருவர் சிலை மாதிரி நிற்கிறார். பிறகு ஒரு கையால் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தூங்கும் குழந்தையை இறக்குவது போலப் படிப்படியாக இறங்குகிறார். தரைக்கு வந்து, முழங்கால் மடக்காமல் முற்றத்தின் குறுக்கே நடந்து வருகிறார். அவர் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்து, வழியில் இருந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னால் ஏழெட்டுப் பேர் தூரத்தில் தொடர்ந்து வந்தார்கள். திருவிழாச் சப்பரம் மாதிரி இருந்தது.

“பி.ஏ., சீக்கிரம் கோணிய நீட்டு,” என்றார் ஆரோக்கியம். என்னை எல்லாரும் பி.ஏ. என்றுதான் கூப்பிடுவார்கள். “உள்ள குச்சி ஒன்னோட ஒன்னு பேசிகினு கீது.”

வாங்கினேன், முக்கினேன், பத்து எண்ணினேன், வில்லை கொடுத்தேன். எல்லாம் விதிப்படி. அப்போது பார்த்துத் தாமோதரன் சார் சத்தமில்லாமல் வந்து நின்றார்.

அன்று சாயங்காலமே குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. வேலை இடைநீக்கம், விசாரணை, குற்றம் நிரூபணமானால் நீக்கம். குற்றம் ஒன்று: தீப்பெட்டி கொண்டுவந்தது. குற்றம் இரண்டு: போகக்கூடாத ஜன்னலுக்குப் போனது.

நான் முதல் தடவை படித்துவிட்டுத் தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். சார் அறைக்குப் போனேன்.

“சார், இந்த ரெண்டாவது குற்றம்…”

“உட்காரு தம்பி. நீ தர்க்கம் படிச்சவன்தானே. ஆரோக்கியத்தோட கடமை என்ன? தீப்பெட்டி இல்லாம வரது. சரியா?”

“சரி சார்.”

“தீப்பெட்டி இல்லாம வரவன் ஜன்னலுக்குப் போகலாமா?”

“போகக் கூடாது சார்.”

“அப்ப ஆரோக்கியத்தோட கடமை என்ன? ஜன்னலுக்குப் போகாம இருக்கறது. போனான். குற்றம்.”

“ஆனா சார், அவர்கிட்டதான் தீப்பெட்டி இருந்துதே. மூணாவது விதிப்படி அவர் போகாம இருந்திருந்தா?”

“அதுவும் குற்றம்தான்,” என்றார் சார், மிகவும் நிதானமாக. “அதைப் பத்திரிகையில சேர்க்கலை. ஏன்னா அவன் போயிட்டான்.”

எனக்குத் தலை கிர்ரென்றது. போனாலும் குற்றம், போகாவிட்டாலும் குற்றம். மனுஷர் ஒவ்வொரு படியையும் சரியாகத்தான் வைக்கிறார், ஏறி முடித்தால் மாடியே இல்லை.

விசாரணையில் தொழிலாளிக்குத் துணையாக உடன் வேலை செய்கிற ஒருவர் பேசலாம். ஆரோக்கியம் என்னைத்தான் கேட்டார். “நீ தான் நைனா தர்க்கம் கிர்க்கம்னு இன்னாவோ படிச்சிக்கிற. வந்து ஒயுங்கா பேசு. இல்லாங்காட்டி மச்சான் போட்டுலதான் நானு. மொத நாளே கொடல் வெளில வந்துரும்.”

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. சுவரில் மாதா படம். மனைவி பிலோமினா மீனை ஆய்ந்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்தப் புள்ளயா உன்ன காப்பாத்தப் போவுது? இதுக்கே யாராச்சும் சோறு ஊட்டணும் போலக் கீது.”

நான் கண்டுகொள்ளாமல் காகிதத்தில் மூன்று விதியையும் எழுதி ஆரோக்கியத்துக்கு விளக்கினேன். மீறாதவனுக்கு ஒரு கடமை, மீறியவனுக்கு ஒரு கடமை, இரண்டும் வேறு வேறு என்று நானே குழம்பிக் குழம்பிச் சொன்னேன். ஆரோக்கியம் கொட்டாவி விட்டார். பிலோமினா கத்தியைக் கீழே வைத்தார்.

“இதுக்கா இம்மாம் பேஜாரு? கல்யாணம் ஆன மொத வாரமே நானு இவருக்குச் சொல்லிக்கிறேன். குடிக்காத. குடிச்சா வூட்டுக்கு வராத. வந்தா பாடாத. பாடினா கோயில் பாட்டு பாடாத.”

“அக்கா, இதுல எதை மீறியிருக்கார்?”

“எல்லாத்தையும்,” என்றார் ஆரோக்கியம் பெருமையாக. “ஆனா வரிசயா மீறிக்கிறேன்.”

“அப்ப கோயில் பாட்டும் பாடிட்டார்னா?”

“அதுக்கும் கீது,” என்றார் பிலோமினா. “பாடினா ராகம் தப்பாம பாடணும். பக்கத்து வூட்டு ஞானம்மா பாட்டுக் கோஷ்டில கீறா.”

“அக்கா, நீங்க ‘பாடினா’ன்னு சொல்றது, பாடறதுக்கு அனுமதி கொடுக்கற மாதிரி ஆகாதா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பி.ஏ. பட்டம் உதிர்ந்து விழுந்தது.

“ஒரு தபா பாடிக் காட்டேன், அனுமதியா இல்லியான்னு நானு சொல்றேன்.” பிறகு ஆரோக்கியத்தைப் பார்த்துக் குரல் தணிந்தது. “இவரு ஜன்னலுக்குப் போவாம டபாய்ச்சிருந்தா ஒன்னியும் ஆயிருக்காது. ஒயுங்கா போய்க் குட்த்ததுக்கு வேல போவுது. இனிமே எவன் போய்க் குட்ப்பான்?”

அந்தக் கேள்விக்குப் பதில் கிடங்கில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஆரோக்கியம் இடைநீக்கம் ஆன நாளிலிருந்து என் ஜன்னலுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. வெளிச்சுவர் காலியாக இருந்தது. பித்தளை வில்லைகளைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். தாமோதரன் சார் தினமும் சுவரைப் பார்த்துவிட்டு வருவார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

“பார்த்தியா தம்பி. ஒருத்தர் கூட கொண்டுவரலை.”

“ஒருத்தர் கூட ஜன்னலுக்கு வரலை சார். அது வேற, இது வேற.”

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்றார்.

அடுத்த நாள் கேன்டீனில் ஒருவர் குனிந்து தண்ணீர் குடித்தார். பையிலிருந்து தீப்பெட்டி ஒன்று என் காலடியில் விழுந்தது. சத்தமே இல்லை. எடுத்துத் திறந்தேன். குச்சிகளுக்கு நடுவில் மெஷின் துடைக்கிற பஞ்சு அடைத்திருந்தது.

“இது இன்னாப்பா?” என்றேன். எனக்கும் அந்தப் பாஷை தொற்றிக்கொண்டிருந்தது.

“கிலுகிலுன்னு சத்தம் வந்துதான ஆரோக்கியம் மாட்டிகினாரு,” என்றார் அவர். “அதான் பஞ்சு. எல்லாரும் வச்சிக்கிறோம். நீ ஜன்னல்லேந்து எயுந்து வந்து புடுங்காத, அது உன் டூட்டி இல்ல.” தீப்பெட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தோணியாரை எனக்கு அதுவரை பழக்கமில்லை, அன்றைக்குப் பழகிக்கொண்டேன்.

விசாரணை நாள் வந்தது. விசாரணை அதிகாரியாக உயர்நீதிமன்றப் பக்கமிருந்து சேஷாத்ரி என்ற வக்கீல் வந்தார். பெரிய உடம்பு, கறுப்புக் கோட்டு, எதையோ யோசித்துக்கொண்டே இருக்கும் முகம். சாருடைய காரிலேயே வந்து இறங்கினார். அந்தக் காரைக் கேட்டில் சோதிப்பதில்லை. மேனேஜர் காரில் விதிமீறல் இருக்கக் கூடாது, ஆகவே இருக்காது.

உள்வேலிக்கு அந்தப் பக்கம், தொட்டிகள் இருக்கும் பக்கம், கேன்டீனை ஒட்டிய அறையில் மேஜை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் சார், ஒரு பக்கம் ஆரோக்கியமும் நானும், சாட்சிக்கு முனுசாமி. ஆரோக்கியம் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொத்தான் மாட்டவில்லை.

சார் தன் வாதத்தைச் சொன்னார். கடமை ஒன்று, கடமை இரண்டு, ஆகவே மூன்று. வக்கீல் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பிறகு நான் எழுந்தேன். முதல் விதி உடைந்து கிடக்கும்போது, அதை உடைக்காதவனுக்குப் போட்ட இரண்டாவது விதியை உடைத்தவன் தலையில் கட்டக் கூடாது, அங்கே மூன்றாவது விதிதான் பேசும் என்றேன். வக்கீல் புருவம் சுருங்கியது.

“இரு, இரு. அவர் சொல்றதும் சரியாத்தானே வருது? இல்லாம இருக்கணும். இல்லாதவன் போகக் கூடாது. அப்ப போகக் கூடாது. எங்க இடிக்குது?”

“அவர்கிட்ட இருந்துது சார். அங்கதான் இடிக்குது.”

“இருக்கக் கூடாதுல்ல?”

“கூடாது சார். ஆனா இருந்துது.”

“ம்,” என்றார் வக்கீல். ஆழமான யோசனை. நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடினார். யோசிக்கும்போது என்ன செய்து பழக்கமோ அதைச் செய்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு சிகரெட் பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். இன்னொரு பைக்குள் கைவிட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்தார். குலுக்கிப் பார்த்தார். கிலுகிலு.

முனுசாமி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். வக்கீல் கண்ணைத் திறந்து எங்கள் முகங்களைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

“அடடா,” என்றார்.

“சார், அத்த ஆட்டாதீங்க,” என்றார் ஆரோக்கியம். “அப்டியே புடிச்சிகினு இருங்க. ஒன்னியும் ஆவாது. எனக்குப் பழக்கம் கீது.”

வக்கீல் மேஜைக்கு அந்தப் பக்கம் திரும்பினார். “மிஸ்டர் தாமோதரன், இதை நான் என்ன பண்ணணும்?”

சார் தீப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நீங்க அதைக் கொண்டுவந்திருக்கக் கூடாது.”

“ஒத்துக்கறேன். கொண்டுவந்துட்டேன். இப்ப என்ன பண்ணணும்?”

“கொண்டுவந்திருக்கக் கூடாது.”

“சார், அது புரியுது. கீழ வைக்கட்டுமா?”

“வைக்கக் கூடாது.”

“பையில போட்டுக்கட்டுமா?”

“கூடாது.”

“அந்த ஜன்னல்ல கொண்டுபோய்க் கொடுத்துடட்டுமா?”

“அது ரெண்டாவது குற்றச்சாட்டு சார்,” என்றேன் நான். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

வக்கீலுடைய கை உயர்த்திய இடத்திலேயே நின்றது. வெளியே ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. முனுசாமி சிலுவை போட்டுக்கொண்டார், அவர் முருக பக்தர்.

“மிஸ்டர் தாமோதரன்,” என்றார் வக்கீல், இந்தத் தடவை கெஞ்சும் குரலில். “எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. நான் எங்கயாவது போய் இதை ஒப்படைச்சே ஆகணும். எங்கன்னு சொல்லுங்க.”

சார் ஜன்னல் இருக்கும் பக்கம் திரும்பினார். அவர் தலைக்குள் அறுத்துப் போட்ட ரப்பர்கள் எல்லாம் உருண்டிருக்கும். கடைசியில் சொன்னார்.

“ஜன்னல்ல.”

“தெளிவா சொல்லுங்க. போகணுமா, போகக் கூடாதா?”

“போகணும்,” என்றார் சார். “உடனே.”

“பி.ஏ.,” என்றார் ஆரோக்கியம், “நீ இங்க குந்திகினு கீற. ஜன்னல்ல யாரு?”

நான் ஓடினேன். சுற்றிப் போய் என் அறைக் கதவைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கோணியை வாளியில் நனைத்து எடுப்பதற்குள் ஊர்வலம் கிளம்பிவிட்டது. வக்கீல் கையை முன்னால் நீட்டிக்கொண்டு முழங்கால் மடக்காமல் வந்தார். பொத்தான் மாட்டாத கோட்டோடு ஆரோக்கியம் முன்னால் நடந்தார்.

“தள்ளு மாமு, தள்ளு. வக்கீல் ஐயா வராரு. குச்சி பேசிகினு கீது. சார், அங்க பள்ளம், பாத்து. அப்டித்தான்.”

கோணியை நீட்டினேன். வைத்தார். சுருட்டினேன், முக்கினேன், பத்து எண்ணினேன். வில்லையை நீட்டினேன். வக்கீல் அதை வாங்கிக்கொண்டு நீண்ட மூச்சு விட்டார்.

“இப்ப நான் செஞ்சது தப்பா, சரியா தம்பி?”

“கொண்டுவந்தது தப்பு சார். கொடுத்தது சரி.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார். இதைத்தான் அரை மணி நேரமா சொல்ல முயற்சி பண்றேன்.”

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் தீர்ப்பை எழுதிவிட்டார். முதல் குற்றம் நிரூபணம், எழுத்துமூல எச்சரிக்கை. இரண்டாவது குற்றம் குற்றமே அல்ல, ஒப்படைத்தவரை ஒப்படைத்ததற்காகத் தண்டிக்கக் கூடாது. தன்னையும் ஒருமுறை எச்சரித்துக்கொள்வதாகச் சேர்க்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். சார் கையெழுத்துப் போட்டார்.

கேட்டுக்கு வெளியே பிலோமினா காத்திருந்தார்.

“வேல கீதா, போச்சா?”

“கீது,” என்றார் ஆரோக்கியம்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்கு வூட்டாண்ட வா. வஞ்சிரம் ஆக்கறேன். ஊட்டியும் வுடறேன்,” என்றார்.

மறுநாள் காலையில் நான் ஜன்னலைத் திறந்தபோது வெளியே வரிசை நின்றது. முதலில் ஆரோக்கியத்தைப் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்தேன். முதல் ஆள் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கோணியில் வைத்தார். பஞ்சு அடைத்தது. அடுத்தவர், அதுவும் பஞ்சு. அதற்கடுத்தவர் இரண்டு வைத்தார். பம்ப் ரூம் ஆட்கள், குழாய் ஆட்கள், கேன்டீனில் தண்ணீர் குடித்தவர். ஒருவர் வால்வு அறையின் ஓட்டைக்குள் சொருகி வைத்திருந்ததையெல்லாம் ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பித்தளை வில்லைகள் தீர்ந்துவிட்டன. வாளியில் தண்ணீர் வழிந்தது.

தாமோதரன் சார் வந்தார். வரிசையின் கடைசியிலிருந்து முன்வரைக்கும் மெதுவாக நடந்து வந்தார். ஜன்னலருகே வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீரே தெரியாமல் தீப்பெட்டிகள் மிதந்தன. பஞ்சு ஊறி உப்பியிருந்தது.

“இவ்வளவு நாளும் இதெல்லாம் எங்க இருந்துது தம்பி?” என்று கேட்டார்.

“உள்ளதான் சார்.”

அவர் திரும்பித் தொட்டிகளைப் பார்த்தார். சட்டைக் காலருக்கு மேலே கழுத்து வியர்த்திருந்தது. பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“இந்த வாளி பத்தாது. பெருசா ஒண்ணு வாங்கு.”